கடைப் பொருளும் கலைப் பரப்பும்

ஓவியம் கண்ணால் காணும் கலை. ஆயினும், நல்ல ஓவியம் ஒன்றன் முன் நிற்கும்போது நம் விரல்கள் தாமாகவே அதனை நோக்கி நீளுகின்றன. ஓவியக் கூடங்களில், ‘தொடாதீர்கள்’ என்று பலகை எழுதி வைத்திருப்பதே இதற்குச் சான்று. பாறையின் கரடு, பழஞ்சுவரின் பொரிவு, மரப்பட்டையின் வெடிப்பு, கோணியின் முரடு ஆகிய இவற்றைக் கண் பார்க்கிறது என்பதைக் காட்டிலும், கண்ணே கையாகித் தடவி அறிகிறது என்பதே பொருந்தும். கித்தானின் மீது இத்தகைய மேடுபள்ளங்களை அமைப்பதை ஓவியர்கள் ‘டெக்ஸ்சர்’ என்பர். இப்பேச்சில் அதனைப் ‘பரப்பு நயம்’ என்று குறிப்பிடுகிறேன்.

மாணவ நண்பர்களே, நான் ஓவியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். பரப்பு நயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வகுப்பின் பின்வரிசையிலிருந்து எப்போதும் ஒரு கேள்வி எழும். “ஐயா, அதற்கென்று விற்கும் பசை ஒரு சிறு புட்டி வாங்குவதற்கே கைப்பொருள் போதவில்லையே, நாங்கள் என்ன செய்வது?” என்பதே அக்கேள்வி. இது நியாயமான கேள்வி. வறுமையால் ஒரு கலையின் வாயில் ஒருவனுக்கு அடைபடுமானால், அது அவனுக்கு மட்டுமன்றிக் கலைக்கும் இழப்பேயாகும்.

நான் அவர்களுக்குச் சொல்லும் விடை இது. அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் சலவைக்கல் தூளோ சுண்ணக்கல் தூளோ, அதனைப் பிணைக்கும் அக்ரிலிக் பசையோடு கலந்திருக்கும். தெருக்கோடியில் ஆணியும் கயிறும் சுவர்ப்பூச்சும் விற்கும் ஹார்டுவேர் கடையில் இவற்றுக்கு இணையான பொருள்கள் சாக்கிலும் டப்பாவிலும் கிடைக்கின்றன. மணல், சாக்குப் பொடி, தச்சர்களின் வெள்ளைப் பசை, எமல்ஷன் பெயிண்ட், பட்டித் தகடு, உப்புத்தாள், சணல், வலை என்று அப்பட்டியல் நீளும். ஆனால் மலிவு என்னும் ஒரே காரணத்துக்காக அவற்றை அள்ளிவந்து கித்தானில் அப்பிவிடுவோமானால், படம் நிலைக்காது. பொருளின் விலை குறையக் குறைய, அதன் இயல்பைப் பற்றிய அறிவு மிகுதியாக வேண்டும். இன்று நான் வற்புறுத்த விரும்புவது இதனையே.

கட்டடத் தொழிலின் பொருள்கள் ஓவியத்துள் நுழைந்தது புதிய செய்தியன்று. பிரான்சு நாட்டு ஓவியர் ழார்ழ் பிராக், வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிற் குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் அத்தொழிலையே செய்தார்கள்; அவரும் அதில் பயிற்சி பெற்றார். மலிவான பலகையை விலையுயர்ந்த மரம்போலத் தோன்றச் செய்வதற்கு, ஈரப்பூச்சின்மீது சீப்பு போன்ற கருவியை இழுத்து மரத்தின் ரேகைகளை வரைவது பூச்சுத் தொழிலாளர்களின் வழக்கம். பிராக் அந்தச் சீப்பை ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். 1912-இல் வண்ணத்தோடு மணலைக் கலந்து தீட்டவும் தொடங்கினார். அவருடைய நண்பர் பிக்காசோ, அதே ஆண்டில், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த் துணியைக் கித்தானில் ஒட்டி, அதைச் சுற்றி ஒரு கயிற்றையே சட்டமாக அமைத்தார். பட்டறையில் கற்ற கைத்திறன், கலைக்கூடத்தில் ஒரு புதிய நெறியாக மலர்ந்தது.

இத்தாலி நாட்டு அல்பெர்ட்டோ புர்ரியின் வரலாறு இதனினும் உருக்கமானது. அவர் மருத்துவம் கற்றவர். இரண்டாம் உலகப் போரில் 1943-இல் துனிசியாவில் சிறைப்பட்டு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த கைதிகள் முகாமில் வைக்கப்பட்டார். அங்கேதான் ஓவியம் தீட்டத் தொடங்கினார். கித்தான் கிடைக்காத இடத்தில் சாக்குத் துணியே அவருக்குக் கித்தானாயிற்று. விடுதலை பெற்று 1946-இல் தாய்நாடு திரும்பிய பின்னர், கித்தான் கிடைக்காத குறை அவருக்கு இல்லை. ஆயினும் அவர் சாக்கைக் கைவிடவில்லை. கிழிந்த சாக்குகளைத் தைத்தும் ஒட்டியும் அவர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படைத்த ஓவியங்களே அவருக்கு உலகப் புகழைத் தந்தன. அத்தையல்களில் போர்க் காயத்தின் தழும்பைக் கண்டவர்கள் பலர். இல்லாமையால் கையில் எடுத்த பொருள், பின்னர் வேறு எதனாலும் சொல்ல முடியாததைச் சொல்லும் மொழியாக மாறியது என்பதே நாம் உணரவேண்டுவது.

ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத்து அந்தோனி தாப்பியெஸ், உள்நாட்டுப் போரின் நடுவே சிறுவனாக வளர்ந்தவர். சலவைக்கல் தூளையும் மணலையும் வண்ணத்தோடு குழைத்துக் கித்தானில் தடிப்பாகப் பூசி, அதனைக் கீறியும் குடைந்தும் அவர் படைத்தவை, துன்பங்களைக் கண்டு நின்ற பழஞ்சுவர்களைப் போலத் தோன்றும். அவருடைய குடும்பப் பெயரே காத்தலான் மொழியில் சுவர்களைக் குறிக்கும் சொல் என்பது சுவையான பொருத்தம்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்டிராதவர் நம்மில் அரியர். பலகையின்மேல் துணியை ஒட்டி, அதன்மீது சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சைத் தடவித் தளம் அமைப்பார்கள். ஆரமும் தூணும் திருவாசியும் புடைத்துத் தோன்றவேண்டிய இடங்களில், சுக்கான் பொடியையும் பசையையும் குழைத்து வைத்து மேடாக்கி, அதன்மேல் பொன் தகட்டை ஒட்டுவார்கள். அந்தக் குழைவுக்கு ‘மக்கு’ என்று பெயர். நம் ஊர்த் தச்சர்கள் மரத்தின் வெடிப்பை அடைக்கக் குழைக்கும் கலவைக்கும் ‘மக்கு’ என்றே பெயர். ஒரே சொல் தச்சுப் பட்டறையிலும் ஓவியன் வீட்டிலும் வழங்குவதைக் கருதிப் பாருங்கள். பொன் பதித்த அந்த ஓவியத்தின் அடியில் இருப்பதும் எளிய சுண்ணப் பொடியே.

பொருள்களின் இயல்பை இனிக் காண்போம். பரப்பு நயக் கலவை எதுவாயினும் அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: உடலாக நிற்கும் பொடி, அதனைப் பிணைக்கும் பசை, இரண்டையும் தாங்கும் தளம். இம்மூன்றும் ஒத்துப்போனால் படம் நிற்கும்; ஒன்று முரண்பட்டாலும் உதிரும்.

பொடிகளில் முதன்மையானது மணல். ஆற்று மணலோ, இக்காலத்தில் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டோ எதுவாயினும், பலமுறை நீரில் அலசி, உலர்த்தி, சல்லடையில் சலித்தே பயன்படுத்த வேண்டும். கடல் மணல் ஆகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து, பின்னர் வெண்படலமாகப் பூத்துவிடும். மணலுக்கு ஓர் அரிய குணம் உண்டு. கொத்தனார் சுண்ணாம்பை மட்டும் பூசாமல் அதனோடு மணலைச் சேர்ப்பது ஏன்? ஈரம் வற்றும்போது கலவை சுருங்குகிறது, சுருங்கினால் வெடிக்கிறது. மணற்பரல் சுருங்குவதில்லை. அது கலவையின் நடுவே எலும்புபோல நின்று வெடிப்பைக் குறைக்கிறது. கித்தானிலும் நிகழ்வது இதுவே. வழவழப்பான மேடு வேண்டுமிடத்தில் சாக்குப் பொடியையும், முரட்டுத் தோற்றம் வேண்டுமிடத்தில் மணலையும் கொள்ளலாம். தச்சுப் பட்டறை மரத்தூளும் உதவும். ஆனால் சில மரங்களின் சாயம் ஈரத்தில் கசிந்து மேலேயுள்ள வண்ணத்தைப் பழுப்பாக்கும். ஆதலின், அதன்மேல் ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்த பின்னரே வண்ணம் தீட்ட வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது, ஜிப்சம் என்னும் கல்லைச் சூடாக்கி, அதனுள் பிணைந்துள்ள நீரில் நான்கில் மூன்று பங்கைப் போக்கிய பொடி. நீர் சேர்த்தால் இழந்ததை மீண்டும் ஏற்றுச் சில நிமிடங்களில் கல்லாக இறுகும். இறுகத் தொடங்கிய பின் நீர் விட்டுக் கிளறினால் அதன் வலிமை கெடும். அது கடினமானது, ஆனால் வளையாதது. வெள்ளைச் சிமெண்டால் ஆன சுவர்ப் பட்டியும் அத்தகையதே. அதற்குக் காரத்தன்மை வேறு உண்டு. பிரஷ்யன் நீலம் போன்ற சில வண்ணங்களைக் காரம் அழித்துவிடும். எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். சிமெண்டுப் பட்டியை விடுத்து, அக்ரிலிக் பட்டி என்று கேட்டு வாங்குவது நன்று.

பசையாக எமல்ஷன் பெயிண்டையும் தச்சர்களின் வெள்ளைப் பசையையும் கொள்ளலாம். எமல்ஷன் இரண்டு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு கலந்து, அதில் சாக்குப் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வந்தால் போதும். பசை குறைந்தால் பொடி உதிரும். உலர்ந்த பின் விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால் பசை போதவில்லை என்று அறிக.

மூன்றாவது, தளம். பலர் கருதாது விடுவது இதுதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான் அசையாப் பொருளன்று. மழைக்காலத்து ஈரத்திலும் கோடையின் வறட்சியிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். கை பட்டால் முரசுபோல அதிரும். அதன்மீது வளையாத கல்போன்ற பூச்சை ஏற்றினால், துணி அசைய, பூச்சு அசையாது, முடிவு வெடிப்பேயாகும். என் மாணவர் ஒருவர் பிளாஸ்டரால் மலைத்தொடர் ஒன்றைக் கித்தானில் அழகுற அமைத்தார். பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மலையின் பாதி அவர் மடியில் உதிர்ந்து கிடந்தது. இதற்குத் தஞ்சை ஓவியர்கள் காட்டிய வழியே தக்க வழி. துணியைப் பலகையின்மேல் ஒட்டிவிடுங்கள். மெல்லிய பிளைவுட் பலகை போதும், அசைவு அடங்கிவிடும். சட்டத்தில் கட்டிய கித்தானிலேயே செய்யவேண்டுமானால், பிளாஸ்டரை விலக்கி, பசை மிகுந்த கலவையை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல் பூசி, ஒவ்வொரு பூச்சையும் முற்றும் உலரவிட்டு, அடுத்ததைப் பூசுங்கள். நீரில் கரையும் பூச்சின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம். எண்ணெய் வண்ணத்தின்மேல் நீர்ப்பூச்சு ஒட்டாது.

சாக்குத் துணி, சணல், மீன்வலை ஆகியவற்றை ஒட்டும்போது இருபுறமும் பசை ஊறவேண்டும். இரும்பு வலையையும் ஆணியையும் ஈரக்கலவையில் பதித்தால் துருப்பிடித்துச் செங்கறை படரும். அலுமினிய வலை அவ்வாறு துருவேறாது. இன்னொன்றும் மறவாதீர்கள். மணற்றூசியும் உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் பொடியும் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில், நீர் தொட்டுத் தேய்ப்பதே முறை.

கருவிகளுக்கும் பெரும் செலவு வேண்டுவதில்லை. பட்டித் தகடு, கொத்தனாரின் கரணை, பல் உடைந்த சீப்பு, வெள்ளையடிக்கும் மட்டை ஆகியவை போதும். முதலில் படம் தீட்ட முனையாதீர்கள். ஒரு பலகையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைப் பூசி, எது எது கலந்தது என்று பின்புறம் எழுதி, ஒரு மாதம் விட்டுவையுங்கள். பின்னர் எது வெடித்தது, எது உதிர்ந்தது, எது நிறம் மாறியது என்று பாருங்கள். அந்தப் பலகையை மாலை வெயில் பக்கவாட்டில் விழும் சன்னலருகே நிறுத்திப் பார்த்தால், மற்றோர் உண்மையும் விளங்கும். பரப்பு நயத்தின் பாதி வேலையைச் செய்வது ஒளியே. நேர் ஒளியில் தட்டையாகத் தோன்றும் மேடு, சாய்ந்த ஒளியில் நிழல் ஈன்று உயிர்பெறும்.

எல்லாப் படத்துக்கும் இது வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அமைதியான நீர்ப்பரப்பையோ குழந்தையின் கன்னத்தையோ தீட்டுபவனுக்கு மணலால் பயனில்லை. கரடு கரடாக இருக்க ஒரு காரணம் வேண்டும். காய்ந்த ஏரியின் வெடிப்பு, கைவிடப்பட்ட வீட்டின் சுவர், உழைத்துக் காய்த்துப்போன உள்ளங்கை ஆகிய இவை வண்ணத்தால் மட்டும் சொல்லி அடங்காதவை. அங்கே மணலும் சாக்கும் அலங்காரமாக வருவதில்லை, சாட்சியாக வருகின்றன. புர்ரியின் சாக்கும் தாப்பியெஸின் சுவரும் நிலைத்தது இக்காரணத்தாலேயே.

ஆகவே, இளைஞர்களே, விலையுயர்ந்த புட்டி கையில் இல்லையே என்று தயங்காதீர்கள். கடைக்குச் செல்லுங்கள். கொத்தனாரிடமும் தச்சரிடமும் பூச்சு வேலை செய்பவரிடமும் பணிவோடு கேளுங்கள். எந்தக் கலவை எத்தனை நாளில் இறுகும், எது மழைக்குத் தாங்கும், எது வெடிக்கும் என்பதைத் தம் கையால் அறிந்தவர்கள் அவர்கள். உங்கள் ஓவியக்கலைக்கு அவர்களும் ஆசிரியர்களே. கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பது பொருள் மட்டுமே. அதனை நிலைபெறும் கலையாக்கும் அறிவையும் பொறுமையையும் நீங்கள்தாம் கொண்டுவர வேண்டும்.