வலுவிழந்தோர்க்கும் வறியோர்க்கும் வாலிபர் ஆற்றவேண்டிய பணி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேசுமாறு எம்மைப் பணித்தபோது, எதைப் பேசுவது என்று நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி எம் நெஞ்சை விட்டு இன்னும் அகலாதிருப்பதே அதற்குக் காரணமாகும்.

சென்ற ஆண்டு விழாவன்று வறிய குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் சீனியும் அடங்கிய பொதிகளை வழங்கினோம். படம் பிடித்தோம், கைதட்டினோம், மனநிறைவோடு வீடு சென்றோம். பொதி பெற வந்தவர்களுள் ஒரு தாயாரும் இருந்தார். அவருடைய மகன் பிறந்தநாள் தொட்டு நடக்கமாட்டாதவன்; இப்போது இளைஞனாகிவிட்டான். பொதியைக் கையிலே கொடுத்து, "போய் வாருங்கோ, அம்மா" என்று அனுப்பி வைத்தோம். சில மாதங்களின் பின் வேறோர் அலுவலாக அவர் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தபோதுதான், வலுவிழந்தோருக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவுக்கு அவர் ஒருநாளாவது விண்ணப்பித்ததில்லை என்பது எமக்குத் தெரியவந்தது. ஏன் என்று கேட்டோம். "அப்பிடி ஒண்டு இருக்குதெண்டு எங்களுக்கு ஆர் தம்பி சொன்னது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. ஒரு பொதி அரிசி பத்து நாளைக்குப் போதும். ஒழுங்காக நிரப்பிய ஒரு விண்ணப்பமோ ஆண்டுக்கணக்காக ஒரு குடும்பத்தைத் தாங்கக்கூடியது. நாம் அரிசியைக் கொடுத்தோம், வழியைக் காட்டவில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவேயாகும்.

யாழ்ப்பாணத்தார் ஈகை அறியாதவர் அல்லர். சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கின்றோம். யாத்திரிகருக்கு மடம் கட்டியும், வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தும், தலைச்சுமைக்காரர் இளைப்பாறச் சுமைதாங்கி நாட்டியும் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். இன்று போதனா வைத்தியசாலையாக விளங்கும் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியும், 1850ஆம் ஆண்டில், டைக் என்பவர் அரசாங்க அதிபராயிருந்த காலத்தில், பிரண்ட் இன் நீட் சொசைற்றி என்னும் பரோபகார சங்கத்தின் வைத்தியசாலையாகவே தோன்றியது. 1907இலேதான் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. ஊரவர் ஒன்றுகூடித் தொடங்கிய தொண்டு எத்துணைப் பெரிய விருட்சமாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நிற்க. நம் ஊரில் வலுவிழந்தோர் அதிகம் பேர் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோரில் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு வகையில் பார்க்க, கேட்க, நடக்க, நினைவிற்கொள்ள, தம்மைத் தாமே பராமரிக்க இடர்ப்படுகின்றவர்கள். நூறு பேர் கூடியிருக்கும் சபையிலே ஏறத்தாழ ஒன்பது பேர் அத்தகையோராக இருத்தல் வேண்டும். இம்மண்டபத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்த ஒன்பது பேர் எங்கே? அவர்கள் இல்லாமற் போகவில்லை. அறையின் மூலையிலே இருக்கின்றார்கள். விருந்தினர் வரும்போது கதவு சாத்தப்படும் அறை அது. முப்பது ஆண்டுப் போரும் மிதிவெடியும் எறிகணையும் காலையும் கையையும் கண்ணையும் பறித்துச் சென்ற மண்ணிலே, இக்கணக்கு எம்மைத் திடுக்கிட வைக்கவேண்டியதில்லை, வெட்கப்படவே வைக்கவேண்டும்.

இனி, உதவி எங்கெங்கே உண்டு என்பதை நோக்குவோம்.

முதலாவது வாயில் கிராம அலுவலர். நாம் இன்றும் விதானையார் என்றழைப்பவர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் 15 பிரதேச செயலகங்களும் உள்ளன. பிரதேச செயலகத்திலே சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருக்கின்றார். கொடுப்பனவானாலும், சக்கர நாற்காலியானாலும், ஊன்றுகோலானாலும், சுயதொழில் உதவியானாலும், முதலில் நாடவேண்டியவர் அவரே. 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின்கீழ் வறிய குடும்பங்களுக்கும், அதனோடு வலுவிழந்தோர், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்கும் கொடுப்பனவுகள் ஏற்படுத்தப்பட்டன. வலுவிழந்தோருக்கான தொகை 7,500 ரூபாவாயிருந்து 2025இல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெயர் விடுபட்டோர் மேன்முறையீடு செய்யவும் அத்திட்டத்தில் இடம் வைக்கப்பட்டது.

அரசாங்கத்தின் கையோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. கால் இழந்தோருக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்த, 1987இல் தொடங்கிய யாழ். ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம் நம் நகரிலேயே உள்ளது. இந்தியாவின் ஜெய்ப்பூரிலே, ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் 1968 அளவில் உருவாக்கிய கால் அது. வெறுங்காலோடு நடக்கவும், சப்பாணி கொட்டி இருக்கவும், வயலில் இறங்கவும் நம்மவர் வாழ்க்கைக்கு ஏற்றதாய் அமைந்தமையே அதன் சிறப்பு. செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கைதடியிலே நவீல்ட் பாடசாலை உண்டு. அது கிறித்தவ அன்பர்கள் நிறுவியது. ஆயினும் பிள்ளையின் சமயத்தைக் கேட்டு அதன் கதவு திறப்பதில்லை. சுன்னாகத்திலே வாழ்வகம், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கு 1988 முதல் இல்லமாகவும் கல்விக்குத் துணையாகவும் விளங்குகின்றது. கோண்டாவிலிலே சிவபூமிப் பாடசாலை, மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்காக 2004இல் திறக்கப்பட்டது. கைதடியில் அரச முதியோர் இல்லம் உள்ளது. இவையெல்லாம் நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்திலேதான் உள்ளன.

அப்படியாயின், ஏன் அந்தத் தாயாருக்கு ஒன்றும் கிட்டவில்லை? தடைகள் நான்கு என்று கண்டோம்.

ஒன்று, அறியாமை. சுற்றறிக்கை கந்தோர்ச் சுவரிலே ஒட்டப்படுகின்றது. நடக்கமாட்டாதவன் சுவரைப் பார்க்கச் செல்வதெங்ஙனம்?

இரண்டு, பத்திரங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தபோது, பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்துச் சென்றவர் எத்தனை பேர்? அது இன்றி அடையாள அட்டை இல்லை. அட்டை இன்றி வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இன்றிக் கொடுப்பனவு இல்லை. ஒரு தாள் இல்லாமையால் ஒரு சங்கிலியே அறுந்துவிடுகின்றது.

மூன்று, தூரம். ஒருநாட் கூலியை இழந்து, வலுவிழந்த பிள்ளையை ஓட்டோவிலே ஏற்றிச் சென்று, "இன்னொரு கடிதம் கொண்டுவாருங்கோ" என்று திரும்பி வந்த தாய், மறுமுறை போகத் துணியமாட்டாள்.

நான்காவதே எல்லாவற்றிலும் கொடிது, அது வெட்கம். பழைய பொதுசன உதவிப்பணத்தை நம் ஊரார் "பிச்சைச் சம்பளம்" என்றார்கள். அந்தச் சொல்லை ஒருமுறை சிந்தித்துப் பாருங்கள். தோட்டத்திலே நாற்பது ஆண்டு மண்வெட்டி பிடித்த கை அதை நீட்டி வாங்கக் கூசாதா? ஆனால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்றே பெயர் பெற்றது. அவர்களது உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அரசாங்க வேலைகளில் 3 வீதத்தைத் தகுதியுள்ள வலுவிழந்தோருக்கு ஒதுக்குமாறு 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வந்தது. ஆகவே இது பிச்சையன்று, உரிமை. அச்சொல்லை நம் நாவிலிருந்து முதலில் நீக்குவோமாக.

சென்ற மாதம் எமது செயற்குழுவிலே இதைப்பற்றி எடுத்துரைத்தபோது, பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பிமாரே, திருவிழாவிலே தொண்டு செய்யும் சங்கம் நாங்கள். படிவம் நிரப்புவது எங்கள் வேலையா?" கேள்வி நியாயமானதே. அவருக்கு நாம் பணிவோடு கூறிய விடை இது. பந்தியிலே இலை போட்டு உணவு பரிமாறுவது தொண்டு. பந்திக்கு வரமுடியாதவனின் வீட்டுக்கு இலையைக் கொண்டுசெல்வதும் தொண்டுதான். அது மேடையில் நடப்பதன்று. அதற்குப் படமும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆதலின் அதைச் செய்ய ஆள் குறைவு. அந்தப் பெரியவர் சிறிதுநேரம் மௌனமாயிருந்து, "அப்பிடியெண்டால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, எனக்குக் கந்தோர் வேலை தெரியும்" என்றார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் அவர். அன்றே எமது முதற் தொண்டர் அவரானார்.

எனவே, வாலிபர்களே, செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். இருவர் இருவராய்ப் பிரிந்து ஒழுங்கை ஒழுங்கையாகச் செல்லுங்கள். யார் வீட்டில் யார் இருக்கின்றார், எந்தப் பத்திரம் இல்லை, எந்த உதவி கிட்டவில்லை என்பவற்றை ஒரு கொப்பியிலே குறியுங்கள். அக்கொப்பியைப் பிறர் கண்ணிற் படவிடாதீர்கள். ஒருவரின் துயரம் ஊர்க்கதையாகக் கூடாது. படிவத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். கந்தோருக்குக் கூடச் செல்லுங்கள். உத்தியோகத்தரோடு சண்டைக்கு நிற்கவேண்டாம். நூற்றுக்கணக்கான கோவைகளோடு போராடுபவர் அவர். கொடுத்த படிவத்துக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நெடுநாள் மறுமொழி இல்லையாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்திலே விசாரியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க அச்சட்டம் கட்டளையிடுகின்றது. வழக்கறிஞர் உதவி வேண்டுமாயின், வறியோருக்கென 1978இல் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

பெரியோர்களே, தங்களிடம் ஒரு விண்ணப்பம். நம் கோயில் வாசலிலே சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் ஒன்று இல்லை. சுவாமி வெளிவீதி வரும்போது தூரத்தே நின்று கும்பிடுவதோடு அவர்களின் வழிபாடு முடிந்துவிடுகின்றது. சில மூட்டை சீமெந்தும் ஒரு மேசனின் இரண்டு நாள் வேலையும் போதுமே. அடுத்த கொடியேற்றத்துக்கு முன் இதனைச் செய்து தரலாகாதா?

அந்தத் தாயாரின் கதையை முடிக்காமல் விடலாகாது. மகனுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி சென்ற மாதம் கிடைத்தது. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்கின்றோம். வைத்தியச் சான்றிதழும் ஆயத்தமாகிவிட்டது. கொடுப்பனவு இன்னும் வரவில்லை. ஆயினும் சென்ற வாரம் சென்றபோது, அந்த இளைஞன் அறைக்குள் இல்லை. முற்றத்து வேப்பமர நிழலிலே கதிரை போட்டு அமர்ந்திருந்தான். எம்மைக் கண்டதும், "அண்ணை, கார்ட் வந்திட்டுதோ?" என்று கேட்டான். அடுத்த ஆண்டு விழாவுக்கு அவனை இம்மண்டபத்தின் முன்வரிசையிலே காண விரும்புகின்றோம். அவனை வரவைப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.