உடையவரும் உடைமையும்



செக் மொழியில் 'இன்னாருடைய' என்பதைப் பெயரினின்று பிறக்கும் பெயரடையே உணர்த்தும். உடையவர் ஆணாயின் 'ஊவ்', பெண்ணாயின் 'இன்' விகுதி சேரும். காரெல் என்னும் பெயர் 'கார்லூவ்' ஆகும். தாயைக் குறிக்கும் 'மட்கா', ககரம் சகரமாகத் திரிந்து 'மட்சின்' ஆகும்.

உடைமையின் பாலுக்கேற்பவும் ஈறு மாறும். பிராக் நகரில் பாலம் ஆண்பால், ஆதலின் 'கார்லூவ்'. நான்காம் காரெல் 1348இல் நிறுவிய பல்கலைக்கழகம் பெண்பால், ஆதலின் 'கார்லோவா'. சதுக்கம் இரண்டுமல்லாத பால், ஆதலின் 'கார்லோவோ'. வெந்நீரூற்று நகரோ பன்மை. ஆதலின் 'கார்லோவி வாரி'. வேற்றுமைதோறும் இவ்வடை உடன் திரியும்: 'பாலத்தின்' என்பதற்குக் 'கார்லோவா', 'பாலத்தால்' என்பதற்குக் 'கார்லோவீம்'. 'என் தாயுடைய' என அடை சேரின் இவ்வாக்கம் இயலாது. ஆறாம் வேற்றுமைக்கு நிகரானதே வரும்.

நன்னூலும் ஆறாம் வேற்றுமையில், உடைமை ஒருமையாயின் 'அது', பன்மையாயின் 'அ' என வகுத்தது: 'எனது கை', 'என கைகள்'. நாமோ 'எனது கவிதைகள்' என்றெழுதுகிறோம். உடையவரே நிற்கிறார், உடைமையின் எண் மறைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே சொல்லில் இடந்தரும் செக் இலக்கணம், நாம் கைவிட்ட நுட்பத்தை நமக்கு நினைவூட்டுகிறது.