விடையை மறைத்து வைத்த தேர்வு

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்ட பிறகு மனிதருக்கு அங்கே என்ன வேலை மிச்சமிருக்கும் என்ற கவலை இன்று அறிவியல் பட்டம் பெறும் உங்களில் பலருக்கு உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் எவ்வளவு வேகமாக விடை சொல்கிறதோ, அவ்வளவுக்கு அந்த விடையைச் சோதிக்கத் தெரிந்தவரின் தேவை கூடும். உங்கள் இடம் அங்கேதான் இருக்கிறது.

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. பின்னவர் இருவரும் டீப்மைண்ட் நிறுவனத்தில் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயலியை உருவாக்கியவர்கள். அமினோ அமிலங்கள் கோத்த சரம் ஒன்று எப்படி மடிந்து புரதமாகிறது என்பதைச் சரத்தின் வரிசையிலிருந்தே கணிப்பது அதன் வேலை. 1958இல் மயோகுளோபின் என்ற ஒரே புரதத்தின் வடிவத்தைக் காண ஜான் கெண்ட்ரூவின் குழு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. 2022இல் ஆல்ஃபாஃபோல்ட் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. இதை இயந்திரத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. அந்தச் செயலி கற்றுக்கொண்ட பாடம் புரதத் தரவு வங்கியிலிருந்து வந்தது. 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய வங்கி அது. செயலியைப் பயிற்றுவித்த காலத்தில் அதில் ஏறக்குறைய 1,70,000 வடிவங்கள் இருந்தன. படிகம் வளர்த்து, எக்ஸ்ரே செலுத்தி, புள்ளிகளை அளந்து, முடிவைப் பொதுவில் வைத்த ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களின் ஐம்பதாண்டு உழைப்பு அது.

அதைவிட முக்கியமானது ஒரு தேர்வு. 1994இலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை காஸ்ப் என்ற போட்டி நடக்கிறது. ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் வரிசையை மட்டும் குழுக்களிடம் கொடுப்பார்கள். குழுக்கள் கணிப்பை அனுப்பிய பிறகுதான் உண்மை வடிவத்தோடு ஒப்பிடுவார்கள். விடை எங்கும் அச்சாகாததால் பார்த்து எழுத வழியில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ குழுக்கள் அந்தத் தேர்வில் எல்லாரும் அறியத் தோற்றன. 2020இல் ஆல்ஃபாஃபோல்ட் வென்றபோது துறை அதை நம்பியதற்குக் காரணம், அந்தத் தேர்வின் நேர்மையை எல்லாரும் அறிந்திருந்ததுதான்.

இந்த இடத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.இராமச்சந்திரனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொல்லாஜன் புரதத்துக்கு மூன்று இழைத் திருகு வடிவத்தை முன்வைத்தார்கள். அதைத் திருத்தி அவர்கள் வெளியிட்ட அடுத்த மாதிரியில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்காத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். இராமச்சந்திரன் அதைக் கௌரவப் பிரச்சினையாக்கிக்கொள்ளவில்லை. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதுவரை வெளியாகியிருந்த படிக அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்று ஒரே படத்தில் காட்டினார். 1963இல் வெளியான அதைத்தான் உலகம் இராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. இன்றும் புரதத் தரவு வங்கிக்கு வரும் புரத வடிவம் ஒவ்வொன்றும் அந்த வரைபடத்தோடு ஒத்துப்பார்க்கப்படுகிறது. இயந்திரம் கணித்த வடிவத்தையும் அதே அளவுகோலால் அளக்கலாம். சரிபார்ப்பது இரண்டாந்தர வேலை, கண்டுபிடிப்பதே முதல்தரம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு இந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன். ஒரு குற்றச்சாட்டைச் சரிபார்க்கப் போன இடத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

சோதனை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2020இல் எக்ஸ்ரே, சிடி படங்களைப் பார்த்துக் கோவிட் நோயைக் கண்டறியும் செயலிகள் பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2,212 ஆய்வுகளைத் திரட்டி, சலித்து, 62ஐ நுணுக்கமாகப் பரிசீலித்தது. 2021இல் வெளியான அதன் முடிவு: மருத்துவமனையில் பயன்படும் நிலையில் ஒன்றுகூட இல்லை. சில ஆய்வுகளில் கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை, கோவிட் இல்லாத படங்கள் குழந்தைகளுடையவை. நோயைக் கற்க வேண்டிய செயலி வயதைக் கற்றுக்கொள்ள அது போதும். இத்தனைக்கும் பல கட்டுரைகள் அறிவித்த துல்லியம் மிக உயர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் அவசரம் நியாயம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த அவசரத்தில் அந்த 62 ஆய்வுகளில் செலவான உழைப்பு நோயாளியின் படுக்கை வரை போய்ச் சேரவில்லையே.

இதன் வேர் நம் கல்லூரிச் செய்முறை வகுப்பிலேயே இருக்கிறது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அளவீட்டைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறது. மாணவரைவிட, 9.1 என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறைக்கும் முறையைத்தான் இதில் குறை சொல்வேன். 9.1 ஏன் வந்தது என்று தேடியவருக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். விடைக்கேற்ப அளவீட்டை வளைத்துப் பழகிய கை, நாளை இயந்திரம் தரும் விடைக்கும் அப்படியே வளைந்துகொடுக்கும்.

சரிபார்ப்பையும் இயந்திரமே செய்யாதா என்பது வலுவான மறுப்பு. ஓரளவு செய்யும். தன் கணிப்பின் எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று ஆல்ஃபாஃபோல்டே மதிப்பெண் போட்டுத் தருகிறது. பாராட்ட வேண்டிய நேர்மை அது. என்றாலும் அந்த மதிப்பெண்ணும் பழைய அளவீடுகளிலிருந்து பிறந்ததுதான். புதிதாக ஒன்றைச் சொல்லும்போது உலகத்தைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள் பயிற்றுவித்த செயலி, ஆயிரக்கணக்கான சேர்மங்களுக்கு நடுவிலிருந்து ஹாலிசின் என்ற ஒன்றை நோய்க்கிருமிக் கொல்லியாகச் சுட்டிக்காட்டியது. அது கிருமியைக் கொல்கிறது என்பதை ஆய்வகத் தட்டிலும் எலிகளிலும் செய்த சோதனைகள்தான் உறுதிசெய்தன. கூட்டு ஆய்வு என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான்: தேடும் வெளியை இயந்திரம் சுருக்கித் தருகிறது, ஆம் என்றோ இல்லை என்றோ இயற்கையிடம் கேட்டு வருபவர் மனிதர். பெரிய கருவிகள் இல்லாத சிறு நகரக் கல்லூரி மாணவிக்கும் அந்த 20 கோடி வடிவங்கள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எந்த வடிவத்தைச் சந்தேகிப்பது என்று அவருக்குக் கற்றுத்தர வேண்டியது நம் பொறுப்பு.

இன்று பட்டம் பெறுவோரிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். இயந்திரத்திடம் கேள்வி கேட்பதற்கு முன், எந்த முடிவு வந்தால் உங்கள் கருத்து தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்கள் அளவீடுகளை, பொய்த்துப்போன சோதனைகளையும் சேர்த்து, பிறர் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வையுங்கள்.