சாவியைப் பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு ஜி.என்.டி. சாலையில் பைக்கில் வருகிறீர்கள். கவரைப்பேட்டை தாண்டும்போது இரண்டு பேர் குறுக்கே வந்து நிறுத்துகிறார்கள். "டியூ பாக்கி, வண்டியை விட்டுட்டு இறங்கு" என்கிறார்கள். தவணையில் வண்டி எடுத்த பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இது.

தவணை தவறினால் வண்டியைத் திரும்ப எடுக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிரட்டியோ அடித்தோ எடுக்கும் உரிமை கிடையாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று 2007இல் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க நம் சட்டப்பேரவையும் 2025இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது.

ஆனால் வண்டியை எடுக்கும் நடைமுறைக்கென்று தனி மாநிலச் சட்டம் நமக்கு இல்லை. எல்லாம் நீங்கள் ஷோரூமில் அவசரமாகக் கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அதில் என்ன இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சொல்லிவிட்டது. எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், எடுத்த பிறகு ஏலத்துக்கு முன் பணம் கட்ட கடைசி வாய்ப்பு, வண்டியைத் திருப்பித் தரும் முறை, ஏலம் விடும் முறை. இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். வசூலுக்கு வருபவர் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்து தொல்லை கொடுக்கக் கூடாது.

வண்டி போன பிறகும் ஒரு கட்டம் உண்டு. ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்ற நிதி நிறுவனம் ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்தால், மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவின்படி உங்களுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வரும். பயந்துபோய் அந்தத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பக்கத்தைச் சொல்ல சட்டம் தரும் வாய்ப்பு அது.

சாலையில் யாராவது கை வைத்தால் 100க்கு அழையுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. அதற்கெல்லாம் முன்னால், பீரோவில் கிடக்கும் அந்த ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். நகல் இல்லையென்றால் நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.