பாதி வழி நம்முடையது

ஆட்டிசம் உள்ளவர்களை உலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இந்த அவையில் யாரும் மறுக்கப்போவதில்லை. 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாளை ஐ.நா. ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது, நாமும் கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறோம். ஆனால் அந்த ஏற்பை இரக்கக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். குறை அவர்களிடம், பெருந்தன்மை நம்மிடம் என்று! அந்தக் கணக்கையே திருத்த வேண்டும் என்று வாதிடத்தான் வந்திருக்கிறேன்.

1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய நாளிலிருந்து, கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறோம். ஒரு காலத்தில் பழி தாயின் மேல் விழுந்தது. பாசமற்ற தாயால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று புருனோ பெத்தெல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே போட்டார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, காரணம் உடலியல் சார்ந்தது என்று பெர்னார்ட் ரிம்லாண்ட் விரிவாக எழுதிவிட்டார். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும்கூட. ஆனாலும் பழிக்கு இருந்த மவுசு குறையவில்லை. நம் வீடுகளில் இன்றும் ‘செல்போனைக் கொடுத்தே கெடுத்துட்டா’ என்ற சொல் யார்மேல் விழுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தத் தேடலையே நம் பக்கம் திருப்பியவர் டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். அவர் 2012இல் கேட்டது எளிய கேள்வி: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிகிறதா? 2017இல் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு பதிவுகளைப் பிறரிடம் காட்டினார்கள். காட்சியைப் பார்த்தவர்களும் குரலைக் கேட்டவர்களும் சில நொடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்களோடு பழகவும் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறையில்லை. பார்த்த கண்ணும் கேட்ட காதும்தான் தடுத்தன. 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒருவர் சொன்ன கதையை அடுத்தவர் அடுத்தவராகக் கடத்தச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் செய்தி மற்றவர்களிடம் போலவே நன்றாகச் சென்றது. இரு தரப்பினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அந்தச் சிதைவு தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களால் செய்தியைக் கடத்த முடியும் என்பது இரண்டிலும் நின்றது.

இனி, இதே கண்ணோடும் காதோடும் நாம் நடத்தும் வேலை நேர்முகத் தேர்வைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அரசுப் பணியில் அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றோடு சேர்த்து 1 சதவீத ஒதுக்கீடும் தந்தது. சட்டம் திறந்த கதவைத் தேர்வு மேசை சாத்திவிடலாம். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பதில் சொல்லத் தாமதித்தார் என்று மதிப்பெண்ணைக் குறைத்தால், கணக்கு எழுதும் வேலைக்கு வந்தவரிடம் நாம் எதைத்தான் சோதித்தோம்?

‘இதெல்லாம் பேசத் தெரிந்தவர்களுக்கு, என் பிள்ளைக்கு வாய்ப்பேச்சே இல்லை, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறானே’ என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. அந்தத் துன்பத்தை வெறும் ‘வித்தியாசம்’ என்று அழகுபடுத்துவது கொடுமை. பேச்சுப் பயிற்சி வேண்டும், வலிக்கும் வலிப்புக்கும் மருத்துவம் வேண்டும், பெற்றோர் காலத்துக்குப் பின் காக்க ஆளும் இடமும் வேண்டும். ஆனால் பேச்சு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குப் படத்தைக் காட்டிக் கேட்கவும் கையசைவைப் படிக்கவும் எதிரில் இருப்பவர் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத கையசைப்பை அடக்கி, மற்றவர்களைப் போலக் காட்டுவதற்காகவே நடக்கும் பயிற்சியை எதிர்க்கிறேன். செலவாகுமே என்பார்கள். நேர்முகக் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தருவதற்கு ஒரு தாள் போதும்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். அடுத்த ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து, பக்கத்து அறையை அமைதிக்கென்று ஒதுக்குங்கள். நிகழ்ச்சி நிரலைப் படங்களோடு முன்னதாகவே அனுப்புங்கள். ஆட்டிசம் பற்றிய அடுத்த கூட்டத்தில் இந்த ஒலிவாங்கியை ஆட்டிசம் உள்ள ஒருவருக்குத் தாருங்கள். வாயால் பேசாதவர் என்றால், அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை அவை காத்திருக்கட்டும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். அதனால் அதையே முதலில் வாக்கெடுப்புக்கு விடுமாறு அவைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.