வாடகை வண்டி: விலைக்குள் எது, விலைக்கு வெளியே எது?



தோட்டத்துக் குடும்பம் பயணம் புறப்பட்டால் அது தனி ஆள் பயணமாக இருப்பதில்லை. தாத்தா பாட்டி, அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, இவர்களோடு பாயும் சோற்றுப் பானையும் சேர்ந்துதான் கிளம்பும். எங்கள் பெற்றோர் காலத்தில் தோட்டத்து லோரியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தைப்பூசத்துக்குப் போனதாகச் சொல்வார்கள். இன்று அந்த வழக்கம் போய்விட்டது. பத்துமலை என்றாலும் பினாங்கு என்றாலும், உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பத்துப் பேர் உட்காரும் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து வீட்டில் உள்ள ஒருவரே ஓட்டிச் செல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாடகை என்று நாம் கேட்கும் தொகை வேறு, கடைசியில் நம் கையை விட்டுப் போகும் தொகை வேறு. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். இவை மாதிரித் தொகைகள்தான். இடத்துக்கு இடம் மாறும். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பத்துப் பேர் பினாங்குக்கு இரண்டு நாள் போய் வருகிறார்கள். ஒரு நாள் வாடகை 280 வெள்ளி. இரண்டு நாளுக்கு 560 வெள்ளி. தலைக்கு 56 வெள்ளி என்று வீட்டுக்கு வீடு பங்கு பிரித்தாயிற்று. இப்போது பாருங்கள். வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுத்துத் திரும்ப எடுத்துச் செல்ல 60 வெள்ளி. சிறு குழந்தைகளுக்கான இருக்கை இரண்டு, ஒன்றுக்கு நாளைக்குப் பத்து வெள்ளி வீதம் 40. எண்ணெய் 180. டோல் 90. வரும் வழியில் நெரிசல். மூன்று மணி நேரம் தாமதம். மணிக்கு 30 வெள்ளி வீதம் 90. எல்லாவற்றையும் கூட்டினால் 1,020 வெள்ளி. தலைக்கு 102. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இந்த மிச்ச 460 வெள்ளியை யார் கொடுப்பார்கள்?" அதைத்தான் பயணம் முடிந்த பிறகு பல குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்கின்றன.

ஆகவே தொலைபேசியில் விலை கேட்கும்போதே, "இந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம்?" என்று கேட்க வேண்டும். பொதுவாக வாடகைக்குள் அடங்குவது வண்டி, அதன் சாலை வரி, அடிப்படைக் காப்புறுதி, சாதாரணத் தேய்மானம் ஆகியவைதான். எண்ணெயும் டோலும் அடங்குவதில்லை. ஒரு நாள் என்பது பெரும்பாலும் 24 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எடுத்தால் ஞாயிறு மாலை ஆறோடு இரண்டு நாள் முடிந்தது. இரவு ஒன்பதுக்குக் கொண்டுபோய் விட்டால் அது தாமதம். சில இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். மிஞ்சினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு சென் என்று கணக்கிடுவார்கள். விழாக் காலத்தில் வாடகையே கூடும். சேவை வரி வசூலிக்கும் நிறுவனமாக இருந்தால் அதையும் சேர்ப்பார்கள். அந்த வரி 2024 மார்ச் முதல் பெரும்பாலான சேவைகளுக்கு 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது.

எண்ணெயில் ஒரு விஷயம். வண்டி டீசலில் ஓடுவதா, பெட்ரோலில் ஓடுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேற்கு மலேசியாவில் 2024 ஜூன் 10 முதல் டீசல் நிலையங்களில் பழைய உதவித்தொகை விலை இல்லை. பழைய நினைப்பில் கணக்குப் போட்டால் காசு பற்றாது. எந்த அளவு எண்ணெயோடு வண்டியை எடுத்தீர்களோ அதே அளவோடு திருப்பித் தர வேண்டும். குறைந்தால் நிலையத்து விலைக்குமேல் போட்டுக் கழிப்பவர்களும் உண்டு. நெடுஞ்சாலை டோலுக்கு ரொக்கம் உதவாது. அட்டை உங்களுடையதா, வண்டியோடு வருவதா, அதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை எழுதி வாங்குங்கள்.

குழந்தை இருக்கையை வீண் செலவு என்று சிலர் நினைக்கிறார்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தனியார் வாகனங்களில் அது சட்டம். பின் இருக்கைக்காரர்கள் பட்டை அணிவது 2009 ஜனவரியிலிருந்தே கட்டாயம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது பாசமான பேச்சுதான்; வண்டி சட்டென்று நிற்கும்போது எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து வைக்காது.

இனி முன்பணம். எண்ணெய், டோல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. முன்பணம் அப்படியல்ல, கொடுக்கும்போது நம் பணம், திரும்பி வரும்வரை அவர்கள் பணம். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒன்றின் குடும்பம் 500 வெள்ளி முன்பணம் கட்டி வேன் எடுத்துக் கடற்கரைக்குப் போய் வந்தது. திருப்பிக் கொடுத்தபோது தரையில் மணல், இருக்கையில் மீன் குழம்புக் கறை. அதற்குச் சுத்தம் செய்யும் கட்டணம். அது நியாயந்தான். பின்பக்க பம்பரில் ஒரு கீறல். அது முன்பே இருந்தது என்று இவர்கள் சொன்னார்கள். இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஐந்நூறும் போயிற்று. அந்தத் தகப்பனார் என்னிடம் சொன்னது: "ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள் சார். வண்டி நல்ல நிலையில் இருந்தது என்று போட்டு, அடியில் என் கையெழுத்து இருந்தது."

கையெழுத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். இன்று எல்லா வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் கூரையும் சக்கர ஓரங்களும் கண்ணாடியும் தெரியும்படி படம் எடுங்கள். கிலோமீட்டர் எண்ணையும் எண்ணெய் முள்ளையும் எடுங்கள். மாற்றுச் சக்கரம், ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம் இருக்கின்றனவா என்று பின்கதவைத் திறந்து பாருங்கள். கீறல் இருந்தால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இதையே செய்யுங்கள். இருட்டிலும் மழையிலும் வண்டியை ஒப்புக்கொள்ள வேண்டாம், கீறல் தெரியாது.

முன்பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். கேமராவில் பிடிபட்ட சம்மன் வண்டி உரிமையாளர் பெயருக்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் சில நாள் வைத்திருப்போம் என்பார்கள். அது சரியே. நீங்கள் ஓட்டியபோது விழுந்த சம்மன் உங்களுடையதுதான், அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம் என்று ஒன்றும் போடுவார்கள். ஆனால் "சில நாள்" என்பது எத்தனை நாள்? ஏழா, பதினான்கா, முப்பதா? எண்ணாக எழுதி வாங்குங்கள். முன்பணத்துக்குப் பதிலாக அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போ என்று யாராவது கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னதெல்லாம் நூறு, ஐந்நூறு வெள்ளி விவகாரம். இப்போது சொல்லப்போவது குடும்பத்தையே கவிழ்க்கக்கூடியது. காப்புறுதி.

அக்கம் பக்கத்தில் யாரோ ஒருவர் தம் சொந்த வேனை, "நிறுவனத்தைவிட நூறு வெள்ளி குறைவு" என்று வாடகைக்கு விடுகிறார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட வண்டிக்குச் செல்லாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்க மறுக்க இடமுண்டு. வேன் நொறுங்கினால் அதன் விலையை யார் கட்டுவது? வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் வண்டியை மலாயில் 'செவா பண்டு' என்பார்கள். வண்டியின் காப்புறுதி அந்த உபயோகத்துக்கு எடுக்கப்பட்டதா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வண்டி எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

நல்ல நிறுவனத்தின் காப்புறுதியிலும் ஓட்டைகள் உண்டு. விபத்தில் வண்டி பழுதானால் முதல் 2,000 வெள்ளியோ 3,000 வெள்ளியோ வாடகைக்கு எடுத்தவர் கட்ட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். இதற்கு 'எக்ஸஸ்' என்று பெயர். நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அந்தத் தொகையைக் குறைப்பார்கள். மலைப்பாதைப் பயணம் என்றால் நான் அதைக் கட்டச் சொல்வேன். கண்ணாடி, டயர், கூரை, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அடங்குவதில்லை. பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்பவர்கள் உண்டு. இன்னொன்று: நம் நாட்டில் சாதாரணக் காப்புறுதியில், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் நஷ்ட ஈடு கேட்டால் அந்தப் பொறுப்பு தானாகச் சேராது, கூடுதலாகக் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். பத்து உறவினர்களை ஏற்றிச் செல்பவர் இதைக் கேட்காமல் சாவியை வாங்கக்கூடாது.

யார் ஓட்டலாம் என்பதும் இதில் சேர்ந்ததே. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுந்தான் ஓட்டலாம். நள்ளிரவில் அண்ணனுக்குத் தூக்கம் வருகிறது, தம்பி வாங்கி ஓட்டுகிறான். தம்பியின் பெயர் இல்லை. இடித்துவிட்டால் காப்புறுதி கைவிரிக்கலாம். சிறிது கட்டணம் கட்டி இரண்டாவது ஓட்டுநரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவதற்கும் அது மருந்து. புதிதாக லைசென்ஸ் எடுத்து இன்னும் 'பி' ஒட்டியிருப்பவரைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. உறவுக்குள் செலவைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்று. வேனை எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஊராரிடம் கட்டணம் வசூலித்து ஏற்றிச் செல்வது முற்றிலும் வேறு. அதற்குத் தனி உரிமம் வேண்டும். அப்படிக் கூட்டமாகப் போக வேண்டுமானால் ஓட்டுநரோடு பேருந்து எடுங்கள். தாய்லாந்து எல்லையைத் தாண்டும் எண்ணம் இருந்தால் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அங்கே ஓட்டக் காப்புறுதியும் தனி.

அண்மைக் காலத்தில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே பொருத்திய வீட்டு வேன்களும் வாடகைக்கு வந்துள்ளன. மோட்டார் ஹோம் என்கிறார்கள். நகரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரை அதில் அழைத்துப்போக ஆசைப்படுகிறார்கள். ஓட்டல் செலவு மிச்சம் என்பது பாதி உண்மைதான். வண்டியை எங்கே நிறுத்துவது? முகாம் இடத்துக்குத் தனிக் கட்டணம், மின் இணைப்புக்குச் சில இடங்களில் இன்னொரு கட்டணம். மெத்தை விரிப்பு, தட்டு முட்டு, எரிவாயு இவை அடக்கமா, தனியா என்று கேட்க வேண்டும். கொடுக்கும் சாமான்களை ஒரு பட்டியலில் எண்ணிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு சட்டி குறைந்தாலும் முன்பணத்தில் கழியும். கழிவுத் தொட்டியைக் காலி செய்து கழுவித் தராவிட்டால் அதற்கும் கட்டணம். வண்டி உயரம்; எண்ணெய் நிலையக் கூரையிலோ மரக்கிளையிலோ இடித்தால் அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். வேனைப் பற்றிச் சொன்ன மற்றதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், எழுத்தும் பொடியாக இருக்கும். அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகளையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்து, உரக்கப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த ஆள் காத்திருக்கிறார்" என்று சொன்னால் காத்திருக்கட்டும். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் மலிவான வேன் என்று படம் போட்டு, முன்பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டு மறைந்துவிடும் கூட்டமும் இருக்கிறது. வண்டியையும் பத்திரத்தையும் நேரில் பாராமல் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்தது தெரிந்தால், மறுநாள்வரை காத்திராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். மோசடிப் புகார்களுக்கான தேசிய மையம் அது. பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குமுன் தடுக்க முயல்வார்கள். போலீஸ் புகாரும் செய்ய வேண்டும். சாலையில் விபத்து ஏற்பட்டாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்வது சட்டப்படி கடமை. அந்த அறிக்கை இல்லாமல் காப்புறுதிக் கோரிக்கை நகராது.

நிறுவனம் நியாயமின்றி முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நீங்களே நின்று பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். போகும்போது ஒப்பந்தப் பிரதி, பணம் கட்டிய ரசீது, வண்டியை எடுத்தபோதும் கொடுத்தபோதும் பிடித்த படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மனுப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்களிடம் வரலாம், நாங்கள் நிரப்பித் தருவோம்.