பிளேடு பேசும், கேளுங்கள்



கோழிக்கோட்டில் கல்லாயி என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஓடும் ஆற்றுக்கும் கல்லாயி என்றே பெயர். ஒரு காலத்தில் காட்டில் வெட்டிய மரங்கள் தண்ணீரில் மிதந்து இங்கே வந்து சேரும். ஆற்றின் கரையில் வரிசையாக மர மில்கள் இருந்தன. மர வியாபாரத்தில் கல்லாயிக்குப் பெரிய பெயர்.

அப்படிப்பட்ட ஒரு மில்லை நினைத்துப் பாருங்கள். நடுவில் உயரமான ஓர் இயந்திரம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ஒரு நீளமான இரும்புப் பட்டி ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் முழுவதும் பல். இதுதான் பட்டை ரம்பம். மில்லில் 'பேண்ட்சா' என்பார்கள். ஓடும் பட்டியைப் 'பிளேடு' என்பார்கள். இன்றைய பேச்சு இந்தப் பிளேடைப் பற்றித்தான்.

இந்த இயந்திரம் வருவதற்கு முன் கைரம்பம்தான். தடியை உயரத்தில் ஏற்றி வைப்பார்கள். ஒருவர் மேலே நின்று இழுப்பார். ஒருவர் கீழே நின்று இழுப்பார். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் கொட்டும். ஒரு தடியை அறுத்து முடிக்க வெகுநேரம் ஆகும்.

இங்கிலாந்தில் 1808-ஆம் ஆண்டிலேயே வில்லியம் நியூபெரி என்பவர் பட்டை ரம்பத்துக்கு உரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது உடனே வேலைக்கு உதவவில்லை. ஏன் தெரியுமா? பிளேடின் இரண்டு முனைகளையும் ஒட்டிய இடம் அறுந்துகொண்டே இருந்தது. 1846-இல் க்ரெபின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நல்ல முறையில் ஒட்ட வழி கண்டார். அதன் பிறகுதான் இந்த ரம்பம் பரவியது. இன்றைக்கும் புதுப் பிளேடு வாங்கினால் முதலில் அந்த ஒட்டைத்தான் பார்க்க வேண்டும். விரலில் கையுறை மாட்டிக்கொண்டு ஒட்டின் முதுகைத் தடவுங்கள். மேடு இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

சரி, எந்தப் பிளேடை வாங்குவது? கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வருவது பலருடைய வழக்கம். அது தவறு. வேலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பெரிய தடியை அறுக்க, பல் தூரம் தூரமாக இருக்க வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள குழிதான் தூளை வெளியே கொண்டுவரும். குழி சிறியதாக இருந்தால் தூள் அடைத்துக்கொள்ளும், பிளேடு சூடாகும். மெல்லிய பலகைக்கு நெருக்கமான பல் வேண்டும். பலகையின் கனத்துக்குள் எப்போதும் 3 பல்லாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை பிய்ந்துபோகும்.

நேராக அறுக்க அகலமான பிளேடு, வளைத்து அறுக்க ஒடுக்கமான பிளேடு. அரை அங்குல அகலமுள்ள பிளேடு 5 அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தை அறுக்கும். அதைவிடச் சிறிய வட்டத்தை அறுக்க முயன்றால் பிளேடு முறுக்கிக்கொள்ளும். கால் அங்குலப் பிளேடு ஒன்றேகால் அங்குல வட்டம் வரை அறுக்கும்.

கனத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சக்கரத்தின் குறுக்களவை 1000-ஆல் வகுங்கள். சக்கரம் 900 மில்லிமீட்டர் என்றால் பிளேடின் கனம் 0.9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கனமான பிளேடு அதிக நாள் உழைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தில் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். கனமான பிளேடு சின்னச் சக்கரத்தில் சீக்கிரம் விரிசல் விடும்.

விரிசல் என்றதும் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஓடும் பிளேடு அறுந்தால் அது சாட்டை போலத் துள்ளும். மூடி இல்லாத இயந்திரத்தில் எதிரே நிற்பவர் கதி என்ன? கூலியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் பிளேடு பெரும்பாலும் திடீரென்று அறுவதில்லை. முன்பே சொல்லிவிடுகிறது. விரிசல் பல்லின் அடிக்குழியில் தலைமுடி போலத் தொடங்கும். விரிசல் விட்ட இடம் சுற்றி வரும்போதெல்லாம் 'டிக், டிக்' என்று சீரான ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு தடியை மட்டும் முடித்துவிடலாம்" என்று நினைப்பதுதான் ஆபத்து. சுவிட்சை அணைத்தாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுதும் நிற்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். மெயினையும் அணைத்துவிடுங்கள்.

இன்னும் சில வழிகளிலும் பிளேடு பேசும். தூள் கரகரப்பாக விழாமல் மாவு போல விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. கருகிய வாடை வந்தாலும், கோடு விட்டு விலகிப் போனாலும் அதே அர்த்தம்தான். தடியை முன்பைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் உடனே சாணைக்கு அனுப்ப வேண்டும். சாணை பிடிப்பவர் அவசரப்பட்டால் பல் நீலநிறமாகிவிடும். நீலம் வந்தால் இரும்பின் பதம் போயிற்று. அடிக்குழியும் உருண்டையாக இருக்க வேண்டும். கூர்மையான மூலை இருந்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும்.

பிளேடுக்குப் பெரிய எதிரி ஆணி. சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அடிக்கிறார்கள், கொடிக் கம்பி கட்டுகிறார்கள். மரம் வளர வளர ஆணியை விழுங்கிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றி மரத்தில் கருநீலக் கறை படிந்திருக்கும். தடியின் வெட்டுமுகத்தில் அந்தக் கறை தெரிந்தால் தேடிப் பாருங்கள். ஒரே ஓர் ஆணி ஒரு நிமிடத்தில் பிளேடின் பல் முழுவதையும் மொட்டையாக்கிவிடும். மண்ணும் கல்லும் ஒட்டிய தடியையும் கழுவாமல் ஏற்றக் கூடாது. தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து உண்டு. அதனால் தேக்கு அறுக்கும்போது பல் சீக்கிரம் தேயும்.

பைன் மரத்தில் பிசின் அதிகம். அது பிளேடில் ஒட்டிக் கருகும். இயந்திரத்தை நிறுத்தி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். துணியைத் தீயிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். ஓடும்போது சூட்டில் நீண்ட பிளேடு இரவில் குளிர்ந்து சுருங்கும். இறுக்கமாகவே விட்டால் பிளேடுக்கும் சேதம், சக்கரத்துக்கும் சேதம். ஓடும் இயந்திரத்தின் அருகில் தோளில் துண்டு, தொளதொளத்த சட்டை வேண்டாம். ஓட்டும்போது கையுறையும் வேண்டாம். சுருட்டிய பிளேடை விரிக்கும்போது மட்டும் கையுறை கட்டாயம், அது வில் போல நிமிரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு பிளேடுக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். மாட்டிய தேதி, என்ன மரம், எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை சாணை பிடித்தது, அறுந்தால் எங்கே அறுந்தது. பிளேடு ஒட்டில் அறுந்தால் ஒட்டியவரிடம் கேட்கலாம். அடிக்குழியில் அறுந்தால் சாணையையும் கனத்தையும் இறுக்கத்தையும் பார்க்கலாம். மூன்று மாதத்தில் எந்தக் கடைப் பிளேடு நன்றாக உழைக்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். தேய்ந்த பிளேடையும் தூர எறிய வேண்டாம். துண்டுகளாக வெட்டினால் மரம் வழிக்க நல்ல தகடு கிடைக்கும்.